எருவுக்கு ஏது மானியம்?

அந்தமானில் ஒருபுறம் கடல் விழுங்கிய வயல்கள். மறுபுறம் ரசாயனமே அறியாத நிக்கோபார் தோப்புகள். இரண்டுக்கும் நடுவே டில்லியின் மானியக் கொள்கை கப்பலேறி வருகிறது.

போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் கடற்கரைக்குப் போகும் சாலையில் சுமார் 14 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சிப்பிகாட். சாலையோரம் ஏரி போலப் பரந்து கிடக்கிறது நீர். கொக்குகள் நிற்கின்றன. விளிம்பில் அலையாத்திச் செடிகள் தலைதூக்கியிருக்கின்றன. புதிதாக வருகிற சுற்றுலாப் பயணிகள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கோ அது ஏரியல்ல, வயல். 2004 டிசம்பர் 26-ம் தேதி வரை அங்கே பயிர் விளைந்தது.

அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் தெற்கு அந்தமானை ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறக்கிவிட்டது. சுனாமி அலை சில மணி நேரத்தில் வடிந்துவிட்டது. ஆனால் இறங்கிய நிலம் எழவில்லை. கடல் ஏறும்போதெல்லாம் உப்பு நீர் உள்ளே வருகிறது. இறங்கும்போது ஒரு பகுதி தங்கிவிடுகிறது. அதே அலை நாகப்பட்டினத்து வயல்களிலும் புகுந்தது. அங்கே கடல் திரும்பிப் போய்விட்டதால், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதும், மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவியும் நிலத்தை மீட்க முடிந்தது. இயற்கை விவசாயத்தைத் தமிழகமெங்கும் நடந்தே பரப்பிய மறைந்த நம்மாழ்வாரும் அந்தப் பணியில் இருந்தார். சிப்பிகாட்டின் தாழ்நிலத்துக்கு அந்த வைத்தியம் எடுபடாது. அங்கே கடல் குடியேறிவிட்டது.

இதே சிப்பிகாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. அரசின் 80 ஏக்கர் பண்ணை இங்கேதான் இருக்கிறது. கிராம்பு, ஜாதிக்காய், பட்டை, மிளகு என்று தென்னைக்கு நடுவே என்னென்ன வளரும் என்று சோதித்துப் பார்த்த இடம். பசிபிக் தீவுகளிலிருந்து 1980-களில் கொண்டுவரப்பட்ட தென்னை ரகங்களைக் காக்கும் உலகத் தென்னை மரபு வள மையமும் இங்கேதான். பிற நாட்டு நோய்கள் இந்திய நிலப்பரப்புக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே கடல் கடந்து இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்னபூர்ணா, சூர்யா, ஓம்கார், சந்தன் என்று மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பின்னாளில் வெளியிட்ட தென்னை ரகங்களுக்கு இந்தச் சேகரிப்புதான் தாய்வீடு.

நீரில் மூழ்கிய வயல், மேட்டில் தழைத்த தோட்டம் - இரண்டையும் ஒரே பார்வையில் காட்டும் சிப்பிகாட்டில் நின்று யோசித்தால் ஒரு கேள்வி எழும். விளைநிலம் இவ்வளவு அரிதாகிவிட்ட தீவுகளில், மிச்சமிருக்கும் மண்ணை எப்படி நடத்த வேண்டும்? ரசாயனமில்லாத உணவுதான் தீவுகளின் எதிர்காலம் என்று மத்திய அரசு ஒரு கையால் சான்றிதழ் கொடுக்கிறது. இன்னொரு கையால் அரசு கொடுக்கும் பணமோ வேறு திசையில் போகிறது.

காடு வயலான கதை

அந்தமான் நிக்கோபாரின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். அதில் 85 சதவீதத்துக்கு மேல் காடு. விவசாயத்துக்குக் கிடைத்தது ஓரத்துத் துண்டுகள்தான். அவையும் தாமாக வயலானவை அல்ல. போர்ட் பிளேரைச் சுற்றியுள்ள சதுப்புகள் பல, கைதிகள் குடியேற்றக் காலத்தில் கரை கட்டி மீட்கப்பட்டவை. சுதந்திரத்துக்குப் பிறகு 1949 முதல் கிழக்கு வங்க அகதிகள் குடியமர்த்தப்பட்டபோது குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் நெல் நிலம், ஐந்து ஏக்கர் மேட்டு நிலம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். அந்த நிலத்துக்காகக் காடு வெட்டப்பட்டது. நிக்கோபாரின் கச்சால் தீவில் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்காக ரப்பர் தோட்டம் எழுந்தது. ஆக, தீவுகளில் விவசாயம் என்பதே தொடக்கத்திலிருந்து அரசுக் கொள்கையின் பிள்ளை.

குடியேறியவர்கள் நட்டது பெரும்பாலும் சி 14-8 என்ற பர்மா வழி நெல். உயரமாக வளரும், பல மாதம் நிற்கும், தீவுகளின் எட்டு மாத மழையைத் தாங்கும். உரம் அதிகம் கேட்காது. விளைச்சலும் அதிகம் தராது. மழை முடிந்ததும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஈரம் இருக்கும் இடங்களில் காய்கறி. மேட்டில் தென்னையும் பாக்கும். உரம் வாங்கக் காசும் இல்லை, கப்பலும் அடிக்கடி வராது என்ற நிலையில், அவர்கள் கேட்காமலேயே இயற்கை விவசாயிகளாக இருந்தார்கள்.

அது மாறத் தொடங்கியதற்குச் சந்தை ஒரு காரணம். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3.8 லட்சம். அதற்கு மேல் ஆண்டுக்குச் சில லட்சம் சுற்றுலாப் பயணிகள். அரிசியும் பருப்பும் வெங்காயமும் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து கடலில் மூன்று நாள் பயணம் செய்து வருகின்றன. கீரையையும் கத்தரிக்காயையும் அப்படிக் கொண்டுவர முடியாது. வாடாத காய்கறிக்கு நல்ல விலை உண்டு. சுனாமிக்குப் பிறகு நிலம் குறைந்தது, தேவை கூடியது. குறைந்த நிலத்தில் கூடுதல் காய்கறி எடுக்க வேண்டுமென்றால் விவசாயி முதலில் கை நீட்டுவது உர மூட்டைக்கும் பூச்சி மருந்துக்கும்தான்.

விளைவு சந்தைக் காய்கறியில் தெரிந்தது. போர்ட் பிளேரில் இயங்கும் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2010-களின் தொடக்கத்தில் அந்தமான் காய்கறிகளைச் சோதித்து வெளியிட்ட ஆய்வு, கத்தரி, வெண்டை, மிளகாய் போன்றவற்றில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதைக் காட்டியது. சில மாதிரிகளில் அது அனுமதிக்கப்பட்ட அளவையும் தாண்டியிருந்தது. காட்டுக்கும் பவளப் பாறைக்கும் பெயர்பெற்ற தீவில், சமையலறைக்குள் மருந்து நுழைந்துவிட்டது.

நெல்லின் கதை வேறு. சிப்பிகாட் போன்ற தாழ்நிலங்கள் போன பிறகு நெல் பரப்பு பழைய அளவை எட்டவேயில்லை. கடல் நீர் மட்டும் அதற்குக் காரணமல்ல. ரேஷன் கடையில் மெயின்லேண்ட் அரிசி முதலில் மலிவாகவும், 2023 ஜனவரி முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் குடும்பங்களுக்கு இலவசமாகவும் கிடைக்கிறது. ஏழை வீட்டு அடுப்புக்கு அது பெரிய நிம்மதி. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கூலியாள் கிடைக்காத தீவில் நெல் நட்டு, அந்த அரிசியோடு விலையில் போட்டி போட எந்த விவசாயியால் முடியும்? உரத்தைத் தேடாத நெல் பின்வாங்க, உரத்தையும் மருந்தையும் தேடும் காய்கறி முன்னேறியது.

மூட்டைக்குள் இருக்கும் மானியம்

இந்தியாவில் உர மானியத்தின் பெரிய கட்டமைப்பு 1977-ல் உருவானது. உரத் தொழிற்சாலைக்கு ஆகும் செலவுக்கும் விவசாயி கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசே ஈடுகட்டும் ஏற்பாடு அது. பசுமைப் புரட்சியின் ரகங்களுக்கு உரம் வேண்டியிருந்தது. பஞ்சத்தைக் கண்ட நாட்டுக்கு நெல்லும் கோதுமையும் வேண்டியிருந்தன. கொள்கை அன்றைக்கு வேலை செய்தது. சிக்கல் 1992 ஆகஸ்ட்டில் வந்தது. மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை அரசு விலக்கிக்கொண்டது. யூரியாவின் விலையில் மட்டும் கை வைக்கவில்லை. ஒரே ஆண்டில் நாட்டின் தழை, மணி, சாம்பல் சத்துகளின் விகிதம் 5.9:2.4:1 என்பதிலிருந்து 9.5:3.2:1 ஆகக் கோணியது. 4:2:1 என்பதே பொதுவாகச் சரியான விகிதமாகச் சொல்லப்படுவது. 2010-ல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோதும் யூரியா அதற்கு வெளியே நின்றது. 2022-23-ல் விகிதம் 11.8:4.6:1.

காரணம் எளிது. 45 கிலோ யூரியா மூட்டையின் சில்லறை விலை, வரியும் வேம்புப் பூச்சுக் கட்டணமும் நீங்கலாக, 242 ரூபாய். உண்மை விலை அதைப் போலப் பல மடங்கு. மீதியை மத்திய அரசு கட்டுகிறது. 2022-23-ல் உர மானியத்துக்கு அரசு செலவிட்ட தொகை சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். உக்ரைன் போரால் உலக விலை ஏறிய ஆண்டு அது. அடுத்த ஆண்டும் சுமார் 1.9 லட்சம் கோடி.

இந்தப் பணம் விவசாயியின் கைக்கு வருவதில்லை. 2018 முதல் நாடு முழுவதும் ஆதார் எண்ணைப் பதிந்து கடைக்காரர் விற்ற மூட்டைகளின் கணக்குப்படி உர நிறுவனத்துக்குப் போகிறது. அதாவது மானியம் மூட்டைக்குள் இருக்கிறது. மூட்டையை வாங்கியவருக்குக் கிடைத்தது, வாங்காதவருக்கு இல்லை. சாணமும் இலைதழையும் போட்டு, வேலியோரக் கிளைரிசிடியாவை வெட்டி வயலில் மிதித்து, தென்னை மட்டையை மக்க வைக்கும் விவசாயி உழைப்பைக் கூடுதலாகப் போடுகிறார். அரசிடமிருந்து அவருக்கு வர வேண்டிய பங்கு, கடை அடுக்கிலேயே நின்றுவிடுகிறது. எருவுக்கு மூட்டையும் இல்லை, பட்டியும் இல்லை, ஆதார் பதிவும் இல்லை.

சுற்றுச்சூழலுக்கு இதன் விலை என்ன? நெல் வயலில் இடும் யூரியாவின் நைட்ரஜனில் பாதிக்கும் குறைவாகவே பயிர் எடுத்துக்கொள்கிறது. மீதி நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகவும், காற்றில் அம்மோனியாவாகவும், நைட்ரஸ் ஆக்சைடாகவும் கலக்கிறது. வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் நைட்ரஸ் ஆக்சைடு கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வலியது. பஞ்சாபின் சமவெளியில் இது கிணற்றை எட்டச் சில ஆண்டுகள் ஆகலாம். அந்தமானில் அவ்வளவு அவகாசம் கிடையாது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, சரிவான நிலம், கீழே அலையாத்திக் காடு, அதற்கு அப்பால் பவளத் திட்டு. மண்ணையும் உரத்தையும் மழை அடித்துக்கொண்டு போனால், அது போய்ச் சேரும் இடம் மீன் குஞ்சு பொரிக்கும் இடம். அதிகச் சத்தில் பாசி செழிக்கும். பாசி மூடிய பவளம் மூச்சு முட்டும். வயலுக்கு இட்ட உரத்தின் செலவை மீனவரும் ஏற்க வேண்டியிருக்கும்.

சான்றிதழ் வந்தது, சந்தை வரவில்லை

போர்ட் பிளேருக்குத் தெற்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடல் கடந்தால் கார் நிக்கோபாரும் நான்கௌரித் தீவுக் கூட்டமும். இங்கே நிலம் தனி மனிதருக்குச் சொந்தமில்லை. 'துஹெத்' எனப்படும் கூட்டுக் குடும்பங்களின் பொறுப்பில் தென்னந்தோப்புகள் இருக்கின்றன. தேங்காய்தான் உணவு, தேங்காய்தான் பன்றிக்குத் தீனி, மிஞ்சியது கொப்பரையாகிக் கப்பலேறும். ரசாயன உரம் இங்கே நுழைந்ததில்லை. தீவு நிர்வாகம் ரசாயன இடுபொருட்களையும் மரபணு மாற்ற விதைகளையும் விற்கவோ வாங்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று தடையும் விதித்தது.

2021 ஏப்ரலில் மத்திய வேளாண் அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இந்தத் தீவுகளின் 14,491 ஹெக்டேர் நிலம் முழுவதும் ஒரேயடியாக இயற்கை விளைநிலம் என்று சான்று பெற்றது. 'பெரும்பரப்புச் சான்றளிப்பு' என்ற திட்டத்தில் நாட்டிலேயே சான்று பெற்ற முதல் பெரிய தொடர்ச்சியான நிலப்பரப்பு இது. வழக்கமாக ரசாயன விவசாயத்திலிருந்து மாறுகிற நிலம் இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எப்போதுமே ரசாயனம் படாத நிலத்துக்கு அந்தக் காத்திருப்பு எதற்கு என்ற நியாயமான கேள்விக்கு இந்தத் திட்டம் பதில் சொன்னது. ஒவ்வொரு கிராமமும் ஒரு குழு. ஆவணங்கள் கிராம அளவில். ஆண்டுதோறும் விவசாயிகளே ஒருவரையொருவர் சரிபார்க்க வேண்டும்.

நல்ல கொள்கைதான். ஆனால் சான்றிதழ் என்பது பாதி வழி. இந்தியாவில் இயற்கை விளைபொருளுக்கு இரண்டு சான்று முறைகள் உண்டு. வேளாண் அமைச்சகத்தின் பங்கேற்பு முறை உள்நாட்டுச் சந்தைக்கு. வர்த்தக அமைச்சகத்தின் கீழ் 2001 முதல் நடக்கும் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம் ஏற்றுமதிக்கு. அதற்கு வெளியார் வந்து சோதிக்க வேண்டும், கட்டணமும் அதிகம். நிக்கோபாருக்குக் கிடைத்தது முதலாவது. ஐரோப்பியக் கடையில் அதிக விலைக்கு விற்கும் 'ஆர்கானிக்' தேங்காய் எண்ணெய் அலமாரிக்கு அது நுழைவுச் சீட்டாகாது.

உள்நாட்டிலோ, கொப்பரைக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை எல்லாக் கொப்பரைக்கும் ஒன்றே. 2025 பருவத்தில் அரவைக் கொப்பரைக்கு குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். ரசாயனம் இட்ட தோப்பின் கொப்பரைக்கும் அதுதான், படாத தோப்பின் கொப்பரைக்கும் அதுதான். இயற்கை விளைபொருளைத் தனியே வைக்கக் கிடங்கும், தனியே ஏற்றக் கப்பல் இடமும், தனியே ஆட்டச் செக்கும் இல்லாவிட்டால், சென்னையிலோ கொல்கத்தாவிலோ இறங்கும்போது அது வெறும் கொப்பரைதான்.

சேமித்தால் பரிசு, செலவழிக்காதவருக்கு?

உரச் செலவைக் குறைக்க மத்திய அரசு 2023-ல் 'பிஎம்-பிரணாம்' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஒரு மாநிலமோ யூனியன் பிரதேசமோ முந்தைய மூன்றாண்டு சராசரியைவிடக் குறைவாக ரசாயன உரம் பயன்படுத்தினால், மிச்சமாகும் மானியத்தில் பாதி அதற்கே மானியமாகத் திரும்பும். உரம் தின்னும் மாநிலங்களை மாற்ற இது நல்ல ஊக்கம். ஆனால் கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் விநோதம் புரியும். மூட்டை மூட்டையாகக் கொட்டிய ஊர் இரண்டு மூட்டையைக் குறைத்தால் பரிசு. ஒரு மூட்டையும் தொடாத கார் நிக்கோபாரில் குறைப்பதற்கு என்ன இருக்கிறது? குடியை நிறுத்தியவனுக்கு மாலை, குடிக்காதவனுக்குப் பந்தியில் இடமில்லை என்பது போலாகிவிட்டது.

இயற்கை விவசாயத்துக்கு நேரடியாக உதவும் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2015-ல் தொடங்கிய பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா, இப்போதைய விதிப்படி மூன்று ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 31,500 ரூபாய் ஒதுக்குகிறது. அதில் விவசாயியின் கணக்குக்கு நேராக வருவது 15,000. ஆண்டுக்கு 5,000 ரூபாய். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை தேசிய இயற்கை வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. 15,000 தொகுப்புகள், ஒரு கோடி விவசாயிகள், 7.5 லட்சம் ஹெக்டேர், 10,000 உயிர் இடுபொருள் மையங்கள் என்று இலக்கு பெரிதாகவே இருக்கிறது. 2025-26 வரைக்கான மொத்த ஒதுக்கீடு 2,481 கோடி. 2022-23-ன் உர மானியத்தில் நூறில் ஒரு பங்கு. அரசு எதை விரும்புகிறது என்பதை அமைச்சர்களின் மேடைப் பேச்சில் தேடுவதைவிட இந்தக் கணக்கில் தேடுவது மேல்.

அதே ஆண்டில் இன்னொரு அறிவிப்பு

நிக்கோபார் சான்று பெற்ற நான்கே மாதத்தில், 2021 ஆகஸ்ட்டில், சமையல் எண்ணெய்க்கான தேசிய இயக்கத்தை மத்திய அரசு அறிவித்தது. 11,040 கோடி ரூபாய்த் திட்டம். எண்ணெய்ப் பனையைப் பரப்புவது நோக்கம். சிறப்புக் கவனம் வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமான் நிக்கோபாருக்கும். நடவுப் பொருளுக்கான உதவி ஹெக்டேருக்கு 12,000 ரூபாயிலிருந்து 29,000 ஆக உயர்ந்தது. பழக்குலைக்கு விலை உத்தரவாதம் வந்தது. தீவுகளிலும் வடகிழக்கிலும் நிலத்தைத் துப்புரவு செய்யவும் தனி உதவி உண்டு.

இதற்கும் காரணம் உண்டு. நாட்டின் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. ஹெக்டேருக்கு எண்ணெய் தருவதில் எண்ணெய்ப் பனைக்கு நிகரான பயிர் இல்லை. காட்டை அழிக்கப் போவதில்லை, ஏற்கெனவே பயிர் நிலமாக இருக்கும் இடங்களில்தான் வரும் என்பது அரசின் விளக்கம். அந்தமானில் பயிர் நிலம் என்றால் பெரும்பாலும் தென்னையும் பாக்கும்தான்.

தீவுகளுக்கு இது புதிய பயிரும் அல்ல. 1970-களில் குட்டி அந்தமானில் காட்டை வெட்டிச் சுமார் 1,600 ஹெக்டேரில் அரசின் வனத் தோட்டக் கழகம் எண்ணெய்ப் பனை நட்டது. சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்று 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, வன நிலத்தில் இத்தகைய ஒற்றைப் பயிர்த் தோட்டங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பல்லுயிர் வளம் மிகுந்த பகுதிகளில் விரிவான ஆய்வில்லாமல் எண்ணெய்ப் பனையைக் கொண்டுவருவதைத் தவிர்க்க வேண்டும் என்று இந்திய வன ஆராய்ச்சி, கல்விக் குழுமமும் 2020-ல் எச்சரித்தது. எண்ணெய்ப் பனை நீரையும் சத்தையும் நிறையக் கேட்கும் மரம். அறுத்த குலை ஒன்றிரண்டு நாளில் ஆலைக்குப் போயாக வேண்டும். கப்பலை நம்பி வாழும் தீவுக்கு, பல மாதம் கெடாத கொப்பரையைவிட்டு இதற்கு மாறுவது எந்த விதத்தில் லாபம் என்பதை விவசாயி யோசிப்பார். மானியம் அந்த யோசனையை மாற்றிவிடக்கூடும். மானியத்தின் பலமே அதுதான்.

சிக்கிமும் இலங்கையும்

அப்படியென்றால் உர மானியத்தை ஒரே வெட்டாக வெட்டிவிடலாமா? அந்தப் பாதையின் முடிவைப் பக்கத்து நாட்டில் பார்த்தாயிற்று. 2021-ல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு ஒரு காரணம். ஆரோக்கியமான உணவு என்பது மேடைக் காரணம். பல பத்தாண்டுகளாக மானிய உரத்துக்குப் பழகிய வயல்களுக்கு மாற்று உரம் தயாராக இல்லை. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். தேயிலையும் தவித்தது. நவம்பரில் தடை விலக்கப்பட்டது. அதற்குள் பெரும்போக நடவு தொடங்கிவிட்டது. நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. இயற்கை விவசாயத்துக்கு அதைவிடப் பெரிய கெட்ட பெயரை அதன் எதிரிகள்கூடத் தேடித் தந்திருக்க முடியாது.

சிக்கிம் வேறு விதம். 2003-ல் முடிவெடுத்தது. உர மானியத்தை ஆண்டுக்கு ஆண்டு படிப்படியாகக் குறைத்தது. மக்கிய உரக் குழிகளுக்கும் மண்புழு உரத்துக்கும் பணம் கொடுத்தது. 2014-ல் சட்டம் போட்டது. 2016 ஜனவரியில் சுமார் 75,000 ஹெக்டேரும் இயற்கை விளைநிலம் என்று பிரதமர் அறிவித்தார். அங்கேயும் எல்லாம் இனிப்பில்லை. பல காய்கறிகளுக்கு இன்னும் சிலிகுரிச் சந்தையை நம்ப வேண்டியிருக்கிறது. 2018-ல் வெளியிலிருந்து வரும் ரசாயனக் காய்கறிகள் சிலவற்றுக்குத் தடை போட்டபோது விலை ஏறி மக்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் 13 ஆண்டுகள் எடுத்துக்கொண்டதால் வயல் பட்டினி கிடக்கவில்லை.

தமிழகத்திலும் பணம் வேறு வழியில் போக முடியும் என்பதற்கு ஒரு சின்ன எடுத்துக்காட்டு உண்டு. 2023-ல் மாநில அரசு இயற்கை வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. 2024-25 வேளாண் பட்ஜெட்டில் வந்த 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டம் பசுந்தாள் உர விதையை மானியத்தில் கொடுக்கிறது. சுனாமிக்குப் பின் நாகையின் உப்பு வயல்களில் விதைத்த தக்கைப்பூண்டு இந்த வகைதான். மானியம் மூட்டைக்குள்ளிருந்து வெளியே வந்து மண்ணில் முளைக்கும் விதை.

தீவுக்கு என்ன தேவை

தொழில்நுட்பத்துக்குப் பஞ்சமில்லை. 1978-ல் தொடங்கப்பட்ட தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், சுனாமிக்குப் பிறகு நீர் தேங்கும் நிலங்களில் அகல மேட்டுப் பாத்தியும் வாய்க்காலும் மாற்றி மாற்றி அமைக்கும் முறையைப் பரப்பியது. மேட்டில் காய்கறி, வாய்க்காலில் மீன். மழை, பாத்தியின் உப்பைக் கழுவிவிடும். வாய்க்காலின் வண்டல் பாத்திக்கே எருவாகும். உப்பைத் தாங்கும் நெல் ரகங்களும் வந்தன. தென்னைக்கு இடையே மிளகும் கிராம்பும் வளரும் என்பதைச் சிப்பிகாட் பண்ணை எப்போதோ காட்டிவிட்டது. எட்டு மாத மழையில் இலைதழைக்கு என்ன குறை?

குறை, அவற்றைச் சுமந்து, மக்க வைத்து, கொட்டும் கூலியில் இருக்கிறது. ஏற்கும் விலையில் இருக்கிறது. ஒரு மூட்டை யூரியாவைத் தூக்கி வருவது அரை மணி நேர வேலை. அதே சத்தைத் தரும் தொழு உரத்தைச் சேர்ப்பது பல நாள் உழைப்பு. அந்த உழைப்புக்கு அரசு ஒரு பைசா வைக்காதபோது, விவசாயி யூரியாவைத் தேடுவதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

மானியத்தின் அளவைக் குறைக்காமலேயே அதன் பாதையை மாற்ற முடியும். மூட்டைக்குக் கொடுப்பதை ஏக்கருக்குக் கொடுத்தால், அந்தப் பணத்தில் யூரியா வாங்குவதா, எரு வாங்குவதா, பசுந்தாள் விதைப்பதா என்று விவசாயியே முடிவெடுப்பார். பிஎம்-கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நேரடியாகக் கணக்கில் விழுகிறது. அந்தப் பணம் யாரிடமும் உர ரசீது கேட்பதில்லை. யூரியா விலை உயரும் என்ற அச்சம் நியாயமானது. குத்தகைக்கு உழுபவர் ஏக்கர் பணத்தில் விடுபட்டுவிடுவார் என்பதும் உண்மையான ஆபத்து. அதனால்தான் மாற்றத்தை மெதுவாக, சிறிய இடத்தில் செய்து பார்க்க வேண்டும். அதற்கு அந்தமான் நிக்கோபாரைவிட நல்ல இடம் நாட்டில் அரிது. நிலம் குறைவு. எல்லை கடல். உள்ளே வரும் ஒவ்வொரு மூட்டையும் துறைமுகத்தில் எண்ணப்படும். மொத்தச் செலவும் டில்லிக்குச் சில்லறைக் காசு.

நிக்கோபார் தோப்புகளின் சான்று ஒரு முறை வாங்கி மாட்டிவைக்கும் பட்டயம் அல்ல. ஆண்டுதோறும் கிராமங்கள் அதைப் புதுப்பிக்க வேண்டும். கொப்பரைக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்காத நிலையில் அந்தப் பதிவேடுகளை எத்தனை ஆண்டுகள் எழுதிக்கொண்டிருப்பார்கள்? எழுதுவதை அவர்கள் நிறுத்திவிட்டால் தோப்புகள் உடனே கெட்டுவிடாது. ஆனால் எண்ணெய்ப் பனை நாற்றோடும் ஹெக்டேருக்கு 29,000 ரூபாயோடும் ஓர் அதிகாரி அந்தமானின் தென்னை விவசாயியைத் தேடி வரும்போது, இயற்கை விவசாயம் சோறு போட்டது என்று அவர் சுட்டிக்காட்ட ஓர் ஊர் இருக்காது.